கடைசிப் பத்தி

அந்தக் கைத்துப்பாக்கியை நான் தொட்டது ஒரே ஒரு முறைதான். உள்ளங்கைக்குள் கிட்டத்தட்ட அடங்கிவிடும். மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. சோப்பு போட்டுக் கழுவியும் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்வரை விரலில் அந்த வாடை இருந்தது. இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். துப்பாக்கி மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

1993-இல் மறைமலை நகரில் லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஸ்டெனோவாக இருந்தேன். பெயர் அமலராணி. வீடு கிழக்குத் தாம்பரம், அம்மாவும் நானும் மட்டும். காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் பிடித்தால் எட்டு மணிக்கு மேஜையில் இருப்பேன். மேஜை, அட்மின் மேனேஜர் கேசவன் சாரின் அறை வாசலில். அவர் சொல்வதை எழுதி, அடித்து, ஃபைலில் போடுவது என் வேலை. ஏன், எதற்கு என்று கேட்பது என் வேலை இல்லை என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன்.

கம்பெனி செக்யூரிட்டியிடம் அதுவரை இருந்தவை இரண்டு பழைய டபுள் பேரல் துப்பாக்கிகள். தாம்பரம் பாங்க்கிலிருந்து சம்பளப் பணம் ஜீப்பில் வரும்போது பின்சீட்டில் ஒருவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். வெளிநாட்டுக்காரர்கள் கம்பெனியைப் பார்க்க வர ஆரம்பித்ததும் அது மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. டில்லிக் கண்காட்சி ஒன்றில் புதிதாக வந்த சின்னக் கைத்துப்பாக்கியை யாரோ பார்த்துவிட்டு வந்தார்கள். 'ரக்ஷா மினி' என்று பெயர். அச்சடித்த வழவழப்பான தாளில் கோட்டுப் பையிலிருந்து அதை எடுக்கும் ஓர் ஆளின் படம். நாலு துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கி, ஆர்டர் போட்டு, மார்ச் மாதம் சாமான் வந்து சேர்ந்தது. பெட்டியைப் பிரித்த அன்றுதான் ஒன்றை நான் கையில் எடுத்துப் பார்த்தேன்.

அதைச் சோதித்துப் பார்த்துச் சான்று தர வேண்டியவர் ஞானையா சார். செக்யூரிட்டிக்குத் தலைவர் அவர்தான். விமானப்படையில் இருபத்திரண்டு வருஷம் ஆயுதப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். சேலையூரில் வீடு. நாசரேத் பக்கத்துப் பேச்சு அவரிடம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது கூட அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

வண்டலூரைத் தாண்டி, வேலை நின்றுபோன ஒரு கல்குவாரியில், போலீஸ் அனுமதியோடு சுட்டுப் பார்த்தார்கள். நான் போகவில்லை. போய் வந்தவர்கள் சொன்னதையும், அடுத்த நாள் ஞானையா சார் கையால் எழுதிக்கொண்டு வந்து கொடுத்த அறிக்கையையும் வைத்துத்தான் சொல்கிறேன். அறுபது தோட்டா சுட்டதில் பதினோரு முறை கோளாறு. சில சமயம் விசையை அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் வரும், வெடிக்காது. சில சமயம் வெடித்த தோட்டாவின் காலிக் கூடு வெளியே போகாமல் மேல்பக்கம் நட்டுக்கொண்டு நிற்கும். ஒரு முறை தோட்டாப் பெட்டியே கைப்பிடியிலிருந்து கழன்று மண்ணில் விழுந்தது. எல்லாவற்றையும்விட மோசம், முதல் தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றுவதற்காக மேல்பகுதியை இழுத்துவிட்டால் அது பாதி வழியில் நின்றுகொள்கிறது.

விற்ற டீலரின் ஆள் துரை கூடவே போயிருந்தான். டை கட்டிக்கொண்டு குவாரிக்குப் போனவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். புது வண்டி மாதிரிதான் சார் இதுவும், ஓட ஓடத்தான் இளகும், ஒவ்வொன்றிலும் இருநூறு தோட்டா சுடுங்கள், அப்புறம் வெண்ணெய் மாதிரி போகும் என்றானாம். எங்கள் லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு வருஷத்துக்கு ஐம்பது தோட்டாதான் கொடுப்பார்கள், அப்படியானால் நாலு வருஷம் காவல்காரன் திருடனைக் காத்திருக்கச் சொல்ல வேண்டுமா என்று ஞானையா சார் கேட்டிருக்கிறார். துரை சிரித்தானாம். அவனுக்கு அது நகைச்சுவையாகப் பட்டிருக்கிறது.

அறிக்கையின் கடைசிப் பத்திதான் முக்கியம். அவர் ஒரு துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பின்னால் இருக்கும் சுத்தி தவறிப்போய் அடித்துவிடாமல் தடுக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு உள்ளே உண்டு. அது எஃகு மாதிரி இறுகியிருக்க வேண்டும். அரத்தை வைத்தால் ஈயம் மாதிரி இழைகிறது என்று எழுதியிருந்தார். குழலுக்குள் தோட்டா இருக்கும்போது துப்பாக்கி கீழே விழுந்தால் தானாக வெடிக்கலாம். ஆகவே தொழிற்சாலையிடமிருந்து பதில் வரும்வரை யாரும் குழலில் தோட்டா ஏற்றி வைக்கக் கூடாது. முடிந்தால் நான்கையும் திருப்பி அனுப்பிவிடலாம். அழகான கையெழுத்து. எனக்கு அது வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது.

கேசவன் சார் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கோளாறுகளைப் பற்றிய பகுதியைச் சுருக்கி, 'ஆரம்பக்காலச் சிறு தடங்கல்கள் தவிரத் திருப்தி' என்று மாற்றச் சொன்னார். கடைசிப் பத்தியின் மேல் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். ஆடிட் வரப்போகிறது, ஆர்டர் போட்டது நான், நானே திருப்பி அனுப்பினால் நன்றாக இருக்குமா என்று என்னிடமே கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதில்லை. அடித்துக் கொடுத்தேன். கையால் எழுதிய தாளை அவரே வாங்கி மேஜை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஞானையா சார் அவசரத்தில் இருந்தார். அவர் அக்கா நாசரேத்தில் இறந்துபோயிருந்தார். எழும்பூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும். தோளில் பையோடு என் மேஜைக்கு வந்து பேனாவைத் திறந்தார். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். அவர் பேனாவை வைத்தவர், ஒரு நிமிஷம் நிமிர்ந்தார்.

"நான் எழுதினது எல்லாம் இருக்காம்மா?"

"இருக்கு சார்," என்றேன்.

அவர் கையெழுத்து போட்டார். என்னை நம்பிப் போட்டார். அதற்கு முன்னால் மூன்று வருஷமாக நான் அடித்ததில் ஒரு புள்ளி விட்டதில்லை.

பொய் சொல்ல எனக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை, மிரட்டவும் இல்லை. உள்ளே கேசவன் சார் உட்கார்ந்திருக்கிறார், ரயிலுக்கு நேரமாகிறது, இப்போது இதைக் கிளறினால் வம்பு என்று தோன்றியது. அவ்வளவுதான். அவ்வளவு அற்பமான காரணத்துக்காக ஒரு மனுஷி அப்படி ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

ஞானையா சார் ஊரிலிருந்து திரும்புவதற்குள் நாலு காவலர்களுக்கு நாலு துப்பாக்கி கொடுத்துவிட்டார்கள். தான் எழுதிய எச்சரிக்கையும் கூடவே போயிருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். அதில் ஒருவர் பொன்னுசாமி. மாடம்பாக்கத்துக்காரர், முப்பத்தெட்டு வயசு இருக்கும். ராணுவத்தில் சிப்பாயாக இருந்து வந்தவர். தினமும் சைக்கிளில் தாம்பரம் வந்து எங்கள் பஸ்ஸில்தான் ஏறுவார். கடைசி சீட்டில் உட்கார்ந்து, ஏறும் பெண்களுக்கெல்லாம் பையை வாங்கி வைத்துக்கொள்வார்.

ஜூன் மாதச் சம்பள நாள். காலை பதினோரு மணி. தாம்பரத்தில் பாங்க் வாசலில் ஜீப் நின்றது. பொன்னுசாமி முன்சீட்டிலிருந்து இறங்கினார். துப்பாக்கியோடு வந்த உறைக்கு வாய் அகலம். அதன் வார் ஜீப் கதவுப் பிடியில் மாட்டியது. துப்பாக்கி உறையிலிருந்து நழுவிப் பின்பக்கமாகத் தார் ரோட்டில் விழுந்தது. விழுந்ததும் வெடித்தது. குண்டு கீழேயிருந்து மேலே ஏறி அவருடைய வலது முழங்காலை உடைத்துக்கொண்டு போயிற்று. பாங்க் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள் டயர் வெடித்தது என்று நினைத்தாளாம். ஜீப் டிரைவர் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும், பொன்னுசாமியின் இரண்டு கையும் அப்போது கதவில் இருந்தன.

மத்தியானமே கேசவன் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார். காவலர் ஆயுதத்தை விளையாட்டாகக் கையாண்டபோது விசையில் விரல் பட்டு விபத்து நேர்ந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். விளையாட்டாக என்ற சொல்லைச் சுருக்கெழுத்தில் போடும்போது என் வாயில் புளித்த நீர் ஊறியது. எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இரண்டாவது கடிதம் ஞானையா சாருக்கு: ஆயுதங்கள் திருப்தி என்று சான்று கொடுத்தவர் நீங்கள், விளக்கம் தரவும்.

அடுத்த நாள் ஞானையா சார் என் மேஜைக்கு வந்தார். கையில் அந்தச் சான்றின் நகல். முதல் தடவையாக அதைப் படித்திருக்கிறார்.

"நான் கேட்டேனேம்மா," என்றார்.

நகலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அழவாவது முடிந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னுசாமியின் கால் இடுப்பு வரை மாவுக்கட்டில் இருந்தது. பக்கத்தில் அவர் மனைவி காமு, தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் கம்பெனியிலிருந்து ஓர் ஆள் வந்தானாம். என் கை தவறிச் சுட்டுக்கொண்டேன் என்று எழுதி அவர் கையெழுத்து போட்டால்தான் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

"தானே சுட்டுக்கினேன்னு இவரே எழுதித் தரணுமாம் மேடம்," என்றாள் காமு. "இன்னா மனுசங்கோ."

குழலில் ஏன் தோட்டாவை ஏற்றி வைத்திருந்தீர்கள் என்று பொன்னுசாமியிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இழுத்துவிட்டால் முதல் தோட்டா ஏறுவதில்லை, பத்தில் மூன்று தடவை சிக்கிக்கொள்கிறது. எவனாவது கத்தியோடு வந்தால் அதை ஆட்டிக்கொண்டு நிற்க முடியுமா? அதனால் ஜீப் ஷெட்டிலேயே பொறுமையாக ஒன்றை ஏற்றிக்கொண்டு கிளம்புவது. நாலு பேரும் அப்படித்தான் செய்தார்கள்.

"ஏத்தி வெக்கலாமா கூடாதான்னு பேப்பர்ல ஒண்ணுமே இல்ல மேடம். ஞானையா சார் கையெழுத்து இருந்திச்சி. அவரு போட்டா சரியாத்தான் கீதும்னு நெனச்சேன்."

வாங்கிக்கொண்டு போயிருந்த சாத்துக்குடிப் பையை ஸ்டூலில் வைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். சொல்லவில்லை. டெட்டால் வாடை தாங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.

விசாரணை பத்து நாள் கழித்து கம்பெனி கான்ஃபரன்ஸ் ஹாலில் நடந்தது. நகரத்திலிருந்து தோத்தாத்ரி என்ற வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். நிதானமான வயசானவர். கேசவன் சார், ஞானையா சார், டீலர் சார்பில் துரை, குறிப்பெடுக்க நான். பொன்னுசாமியின் துப்பாக்கி போலீஸிடம் இருந்தது. மிச்சம் மூன்றும் மேஜை மேல் பச்சைத் துணியில் கிடந்தன.

துரை முதலில் பேசினான். அவன் பேச்சு பூராவும் அந்த வழவழப்பான தாளில் இருந்ததுதான். நாடு முழுக்க எத்தனையோ பேர் திருப்தியாக வைத்திருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்தவர்களுக்குப் பெரிய ஆயுதம் பழகிய கை, சின்ன ஆயுதத்தின் நுணுக்கம் பிடிபடுவதில்லை. உடைந்த முழங்காலுக்கு அவன் வைத்த பெயர் 'பழக்கக் குறைவு'. நான் அதையும் குறிப்பில் எழுதினேன்.

பிறகு ஞானையா சார் எழுந்தார். குண்டும் மருந்தும் எடுத்துவிட்டு, அடியில் கேப் மட்டும் வைத்த தோட்டாக்கூடுகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை எல்லோருக்கும் காட்டிவிட்டு முதல் துப்பாக்கியின் குழலில் போட்டார். இடுப்பு உயரத்தில் பிடித்து, பின்பக்கம் கீழே இருக்கும்படி சிமெண்டுத் தரையில் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டான். மறுபடி எடுத்து விட்டார். பொட்டுவெடி மாதிரி 'டப்' என்றது. தோத்தாத்ரியின் கையிலிருந்த மூக்குக்கண்ணாடி மேஜையில் விழுந்தது. இரண்டாவது துப்பாக்கி முதல் தடவையிலேயே வெடித்தது. மூன்றாவது, ஐந்து தடவை விட்டும் வெடிக்கவில்லை.

இவர்தான் பிரித்துப் பார்த்தவர், பிரித்தபோது எதையாவது கெடுத்திருக்கலாம் என்றான் துரை. தான் பிரித்தது வெடிக்காத அந்த மூன்றாவதை மட்டும்தான் என்றார் ஞானையா சார். துப்பாக்கியின் எண்ணைப் பதிவேட்டில் பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். அப்படித்தான் இருந்தது. பிரித்தபோது அந்தத் துண்டை அவரே வேறு எஃகில் செய்து மாற்றியிருந்தார்.

அப்போது கேசவன் சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இவ்வளவு தெரிந்தவர் சான்றில் ஒரு வரி கூட எழுதவில்லையே என்றார். மெதுவாக, வருத்தப்படுகிறவர் மாதிரிச் சொன்னார். ஞானையா சார் மிச்சத் தோட்டாக்கூடுகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லையா, இல்லை என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது.

என் பென்சில் நின்றது. என் எதிரில் கேசவன் சாரின் கை, மேஜை மேல், நகமெல்லாம் ஒழுங்காக வெட்டி, சுத்தமாக இருந்தது. அந்தக் கைதான் கோடு இழுத்தது. அதைப் பார்த்தபோது வந்த அருவருப்பு, என் கையைப் பார்த்தபோது இன்னும் அதிகமானது.

"அவர் எழுதியிருந்தார் சார்," என்றேன் தோத்தாத்ரியிடம். "கடைசியில் ஒரு பத்தி. மேனேஜர் சார் விடச் சொன்னார், நான் விட்டேன். எல்லாம் இருக்கான்னு ஞானையா சார் கேட்டார். இருக்குன்னு பொய் சொன்னேன்."

பிறகு அந்தப் பத்தியை வரி தவறாமல் சொன்னேன். கையால் எழுதிய அந்தத் தாள் உன்னிடம் இருக்கிறதா என்று கேசவன் சார் கேட்டார். இல்லை, உங்கள் இழுப்பறையில் வைத்தீர்கள் என்றேன். அப்படி எதுவும் தன்னிடம் இல்லை என்றார். அது உண்மையாகத்தான் இருக்கும். கிழித்துப் போட்டிருப்பார்.

தோத்தாத்ரி இரண்டு வாரத்தில் அறிக்கை கொடுத்தார். காவலர் மேல் தவறு இல்லை. ஆயுதத்தில் குறை உண்டு. சான்றை மாற்றியதாகச் சொல்லப்படுவதற்கு எழுத்து ஆதாரம் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனி கொடுத்தது. பொன்னுசாமியை வேலையில் வைத்துக்கொண்டு, கேட்டில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுத விட்டார்கள். முழங்கால் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேசவன் சாரை ஓசூர் கிளைக்கு மாற்றினார்கள், சீனியர் மேனேஜராக. வழியனுப்பு விழாவில் மாலை போட்டு, சமோசா கொடுத்தார்கள். என் பங்கு சமோசாவை நான் தொடவில்லை.

துப்பாக்கிகளைத் துரை வந்து எடுத்துக்கொண்டு போனான். ஒரு மாதத்தில் பதிலுக்கு நாலு வந்தன, மேலே பளபளவென்று பூச்சு ஏற்றி. குறைகள் நீக்கப்பட்ட புதிய தயாரிப்பு என்று தொழிற்சாலையின் கடிதம். ஞானையா சார் நான்கையும் பிரித்து அரத்தை வைத்துப் பார்த்தார். அதே ஈயம். பூச்சு மட்டும் புதுசு. அவர் கையெழுத்து போட மறுத்தார். புதிதாக வந்த மேனேஜர் வேறு ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். எந்தக் காவலரும் அதை இடுப்பில் கட்ட வரவில்லை. டபுள் பேரல் மறுபடி ஜீப்பில் ஏறியது. பளபளப்பு நாலும் ஸ்டோர் அலமாரிக்குள் போயின. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதிய கடிதங்களை அடித்தவள் நான்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. எங்களிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டு போன மூன்றை எங்கே விற்றார்கள் என்று ஒரு கடிதத்தில் ஞானையா சார் கேட்டிருந்தார். அதற்கும் இல்லை. எங்கோ ஒரு நகைக்கடை வாசலிலோ, யாரோ ஒரு டாக்டர் வீட்டு அலமாரியிலோ அவை இருந்திருக்கும்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாடம்பாக்கம் போனேன். பொன்னுசாமி வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். அடுத்த மாதம் முதல் வேலை. விசாரணையில் நான் பேசியதைப் பற்றி அவருக்கு யாரோ அரைகுறையாகச் சொல்லியிருந்தார்கள். நான் அவருக்காகச் சாட்சி சொன்னேன் என்று மட்டும்தான் அவர் காதுக்குப் போயிருந்தது. காமு என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். காப்பி போட எழுந்தாள். வேண்டாம், முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள் என்றேன்.

சொன்னேன். பென்சில் கோடு, ரயில் நேரம், ஞானையா சார் கேட்டது, நான் சொன்னது எல்லாம். ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும் சொல்லாமல் போனதையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை மட்டும் சொல்ல முடியவில்லை. அந்தக் காலுக்கு எதிரில் அது அசிங்கமாக இருந்திருக்கும்.

பொன்னுசாமி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். காமு அடுப்புக்குப் பக்கத்தில் அப்படியே நின்றாள். வெளியே யாரோ கோழியை விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கேசவன் சார் அப்டிதான்னு எங்களுக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "உங்கள அப்டி நெனைக்கல மேடம். தெனம் பஸ்ல பாத்த ஆளு."

அவர் மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"வந்து சொன்னீங்க, சரி. இப்போ கெளம்புங்க."

கோபமாகச் சொல்லவில்லை. காமு வாசல்வரை வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தேன். தாம்பரம் பஸ் வர அரை மணி ஆனது. அதுவரை அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வெயிலில் நின்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ராஜினாமாவை அடித்து நானே கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் சொந்தக் காரணம் என்று போட்டால் போதும் என்று புது மேனேஜர் சொன்னார். நான் நடந்ததை எழுதியிருந்தேன், ஒரு பக்கம் முழுக்க. அவர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்து, இதை ஃபைலில் போட வேண்டுமா என்று கேட்டார்.

போடுங்கள் சார் என்றேன். அவர் போடும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.